ஸ்டாப்பரின் கை

1

யாங்கோனுக்கு வந்து ஒரு வருடம் நிறைந்த வாரத்தில் நான் ஒரு பெனால்டி கொடுத்தேன். காலால் செய்த தப்பு அல்ல. கையால் செய்தது. ஆனால் கை பந்தின் மேல் படவே இல்லை.

கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஸ்டாப்பர். எங்கள் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிறவள். எதிரணியின் ஃபார்வர்ட் பந்தோடு வந்தால் அவளுக்கும் எங்கள் கோல்கீப்பருக்கும் இடையில் மிச்சம் இருக்கிற கடைசி ஆள். அன்றைக்கு மழை விட்டிருந்தது, மைதானம் ஊறிக் கிடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி இடது பக்கமாக வெட்டி உள்ளே வந்தாள். நான் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தேன். முதலில் பட்டது பந்துதான், சந்தேகமே இல்லை. பந்து போன பிறகுதான் என் பூட்ஸ் அவள் முழங்காலுக்குக் கீழே லேசாக உரசியது. அதில் தப்பு எதுவும் இல்லை. ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையை நீட்டப் போனார். நான் அதைப் பார்த்தேன். அதற்குள் என் வலது கை அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுவிட்டு என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது.

நீட்டப் போன ரெஃப்ரியின் கை விசிலுக்குப் போனது.

நான் கத்தினேன், வாதாடினேன். எனக்குத் தெரிந்த பர்மிய மொழி அவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. ரெஃப்ரி அமைதியாக ஒன்றுதான் சொன்னார்: "நீயே மன்னிப்புக் கேட்டாயே."

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

திரும்பி வரும் பேருந்தில் எங்கள் லெஃப்ட் பேக் எய் எய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் பாதி கரைந்திருந்தது. அவள் அம்மாவின் வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். தமிழ்க் குடும்பம், நான்காவது தலைமுறை. எய் எய்க்குத் தமிழ் முழுதாகப் புரியும். பேசச் சொன்னால் கொஞ்சம் வரும், அதுவும் கோபம் வந்தால்தான்.

"அக்கா, எங்களுக்கும் கால் பட்டா தப்புதான்" என்றாள். "நாங்க 'கடோ'ன்னு சொல்லுவோம். வாயால. ரெஃப்ரி தூரமா நிப்பாரு, வாய் தெரியாது. நீங்க கையால பண்றீங்க. ஸ்டேடியம் பூரா தெரியுது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கையக் கட்டிப் போட்டுரலாமா?" என்றாள்.

2

இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரே அறை. அம்மா முந்திரி உடைக்கப் போவாள், அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுவார். ஐந்து பேர் வரிசையாகப் படுத்தால் யார் திரும்பினாலும் யார் மேலாவது கால் படும். பாதித் தூக்கத்திலும் கை போய்த் தொட்டு, கண்ணில் ஒற்றிவிட்டு வரும். விடிந்து கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அது இன்னும் கூடியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது என்னோடுதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எது பாடப்புத்தகம், எது துணிக்கடை நோட்டீஸ் என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை. அச்சடித்த தாள் எதன் மேல் கால் பட்டாலும், "தொட்டுக் கும்புடுடி" என்பாள். முந்திரிக் கொட்டையின் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் அவளும் ஒருமுறை தொட்டுக்கொள்வாள், எனக்காகவும் சேர்த்து. கல்லூரிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து வரலாற்றில் பட்டம் வாங்கிய நாளிலும் அப்படித்தான். அந்தச் சான்றிதழைத் தரையில் விரித்து வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். யார் கால் எங்கே இருக்கிறது என்பதிலேயே அம்மாவுக்குக் கண்.

பள்ளியில் பந்தாட வந்த புதிதில் நான் பந்தை உதைத்துவிட்டு அதையும் தொட்டுக் கும்பிட ஓடியிருக்கிறேன். பி.டி. சார் விசிலைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்குப் பூஜை போடாத. உதை."

பந்தை விட்டுவிட்டேன். ஆட்களை விட முடியவில்லை. ஸ்டாப்பரின் வேலை முழுக்க அடுத்தவர் கால்களுக்கு நடுவேதான். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத பிறவி இருக்க முடியாது என்று சில சமயம் நினைப்பேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்பதும் உண்மைதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

3

ஸ்டாப்பர்களின் வாழ்க்கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

கல்லூரி முடிந்ததிலிருந்து நான் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு அணி, கொல்கத்தாவில் ஒன்று, கோவாவில் ஒன்று, மாலத்தீவில் ஒரு பருவம், இப்போது இங்கே. ஒப்பந்தம் எப்போதும் ஒரு பருவத்துக்குத்தான். நான்கு மாதம், ஐந்து மாதம், இழுத்தால் ஒரு வருடம். பருவம் முடிந்தால் ஃபார்வர்ட்களுக்கு அழைப்பு வரும். எங்களைக் கூப்பிட யாருக்காவது முழங்கால் முறிய வேண்டும்.

சென்னையில் இருக்கும் ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிட வீடியோ கேட்பார். ஃபார்வர்ட் கோல்களை ஒட்டி அனுப்புவாள். நான் எதை அனுப்புவது? நான் இரண்டடி முன்னால் நகர்ந்து நின்றதால் எதிரணிப் பெண் பந்தை வேறு பக்கம் கொடுத்தாள், அதனால் எதுவும் நடக்கவில்லை. என் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான். அதை அனுப்பினால், "மகேஸ்வரி, இதுல நீ சும்மா நிக்கிற" என்று பதில் வரும்.

ஒவ்வொரு ஊரும் என் கையை ஒவ்வொரு விதமாகப் படித்தது. கொல்கத்தாவில் பிரச்சினை இல்லை, அங்கே எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நான் தொட்டால் எதிராளியும் திரும்ப என்னைத் தொடுவாள், ஆட்டம் எங்களைத் தாண்டிப் போயிருக்கும். கோவாவில் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். மாலத்தீவில்தான் அடி. விரல்களைக் கண்ணுக்குக் கொண்டுபோனதைப் பார்த்த ரெஃப்ரி, 'உனக்குக் கண் தெரியவில்லையா' என்று நான் கேட்பதாக எடுத்துக்கொண்டு மஞ்சள் அட்டை காட்டினார். இப்போது யாங்கோனில் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது.

இத்தனை இடங்களிலும் என் பயணப் பையை முழுசாகக் காலி செய்ததில்லை. உடுத்துகிற நாலைந்து மட்டும் வெளியே, மிச்சம் உள்ளே. யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மர அலமாரி இருக்கிறது. எய் எய்யின் அம்மா ஒரு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறார். அதில் நான் வைத்திருப்பது ஒரு குடை.

4

எய் எய்யின் அம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் பெயர் டாவ் டின். கோவில் ரசீதில் தங்கம்மாள். 'டாவ்' என்பது இங்கே பெரிய பெண்களுக்கான மரியாதை. இளம் பெண்ணுக்கு 'மா'. என் பெயரின் முதல் எழுத்தை இவர்கள் அந்த 'மா' என்றே எடுத்துக்கொண்டு, மீதியில் நீளமானதை வெட்டிவிட்டு, என்னை 'மா கே' ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் பேசும்போது இதைச் சொன்னேன். "நல்ல பேர வெட்டிப்புட்டாங்களே" என்று அம்மா வருத்தப்பட்டாள். ஸ்கோர் பலகையில் எழுத அது வசதியாகத்தான் இருக்கிறது.

காலை எழுந்ததும் மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும், முறை வைத்துத்தான் மின்சாரம் வருகிறது. பிறகு முக்கில் இருக்கிற டீக்கடையில் ஒரு தேநீர். பிறகு பயிற்சிக்கு ஷ்வேப்யிதாவரை நீண்ட பேருந்துப் பயணம். அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம். எங்கள் அணியில் மூன்று பெண்கள் அங்கே தையல் வேலைக்குப் போய்விட்டு அப்படியே பூட்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறவர்கள். பேருந்து எண்களும் பர்மிய எழுத்தில்தான். வட்டம் வட்டமாக இருக்கும் அந்த எழுத்துகளை மூன்று மாதத்தில் படித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "எத்தன பாஷ எழுத்துடி உனக்கு" என்று கேட்டு, எதிரே இருந்த யாரிடமோ அதைத் திரும்பச் சொன்னார். கைநாட்டு வைக்கிற மனிதர். அந்தக் குரலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

தங்கம்மா அக்கா மகளிடம் தமிழில் கேட்பார். மகள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். நாள் முழுக்க இப்படியே போகும்.

"சோத்தப் போடவா, மோஹிங்கா வாங்கியாரவா? வாயத் தொறந்து தமிழ்ல சொல்லேன், முத்தா உதிரும்?"

எய் எய் பர்மிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பாள்.

ஆனால் மைதானத்தில் கதை வேறு. தடுப்பு வரிசை நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் நகர வேண்டும், அப்போதுதான் எதிரணி ஆஃப்சைடில் மாட்டும். வந்த புதிதில் எனக்கு அவசரத்துக்குத் தமிழ்தான் வாயில் வந்தது. "ஏறு" என்று கத்துவேன். எய் எய்க்கு மட்டும் புரியும், அவள் ஏறுவாள், அவளைப் பார்த்து மற்ற இருவரும் ஏறுவார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் அதையே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு முறை ஆட்டம் பார்க்க வந்த தங்கம்மா அக்கா, தனகா பூசிய பர்மியப் பெண்கள் ஒன்றாக "ஏறு, ஏறு" என்று அலறுவதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோவில் பள்ளிக்கூடத்துல கொண்டாந்து ஒக்கார வச்சேன், இவ வாயில ஏறல. இங்க காலு வழியா ஏறிருச்சு பாரு."

எய் எய் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

5

பெனால்டிக்குப் பிறகு வந்த வாரம் சயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சயா என்றால் ஆசிரியர். இங்கே பயிற்சியாளரையும் அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பது வயது இருக்கும், அவரும் ஒரு காலத்தில் பேக் ஆடியவர். அதிகம் பேச மாட்டார்.

"அணிக் கமிட்டிக்குக் கோல் வேண்டுமாம்" என்றார். "நேபாளத்திலிருந்து ஒரு ஃபார்வர்ட் வருகிறாள். எங்களுக்கு வெளிநாட்டு ஆள் ஒரு இடம்தான்."

எனக்குப் புரிந்தது. அந்த ஒரு இடத்தில் இப்போது நிற்பது நான்.

"பத்து நாளில் நமக்குள்ளேயே ஒரு பயிற்சி ஆட்டம். அவள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அதற்குப் பிறகு முடிவு." பிறகு தன் பையிலிருந்து இரண்டு டென்னிஸ் பந்துகளை எடுத்துக் கொடுத்தார். "கைக்கு ஒன்று. பயிற்சி முழுக்கப் பிடித்திருக்க வேண்டும்."

எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கிற தடுப்பாட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற வைத்தியம் இது. கையில் ஏதாவது இருந்தால் பிடிக்க முடியாது. நான் யார் சட்டையையும் பிடிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சயா போய்விட்டார்.

முதல் நாள் பயிற்சியில் ஒருத்தியின் கணுக்காலில் என் கால் பட்டது. நான் டென்னிஸ் பந்தால் அவள் காலைத் தொட்டு, டென்னிஸ் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அணியே புல்லில் விழுந்து சிரித்தது. சயா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அன்று மாலை வீட்டுக்குப் பேசினேன். ஒரு இடம்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"கெடைக்கலன்னா வந்துடு" என்றாள் அம்மா. "தனியார் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர் கேக்குறாங்களாம். படிச்ச புள்ளைக்கு வேலையா இல்ல?"

இருக்கிறதுதான். ஆனால் எங்கள் தெருவில் நான் டீச்சர் இல்லை. வெளிநாட்டில் ஆடுகிறவள். டீக்கடையில் அப்பாவை யாராவது கேட்டால் அவர் ஊர் பெயரைச் சொல்வதில்லை, நாட்டின் பெயரைச் சொல்வார். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. அவருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். எனக்கு இன்னும் இரண்டு மூன்று பருவம் கால் இருக்கிறது. அதற்குள் நான் நிற்க மாட்டேன்.

6

பிமலா ஒரு சனிக்கிழமை வந்தாள். இருபது வயது, நேபாளத்தின் கிழக்குப் பக்கம். அணி நிர்வாகம் அவளை எங்கே தங்கவைத்தது என்று நினைக்கிறீர்கள்? என் அறையில்தான். இரண்டு மெத்தைகள் போட்டால் நடக்க இடம் இல்லாத அறை.

வெளிநாட்டு ஆள் வீட்டில் தங்கினால் வார்டு அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். தங்கம்மா அக்கா எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். அலுவலர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். அப்பா பெயர்? அப்பாவின் அப்பா பெயர்? மதம்? தொழில்? "கால்பந்து" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தொழில் என்றுதானே கேட்டேன் என்றார். பிமலாவைக் கேட்டார். அவளும் கால்பந்து. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தங்கம்மா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா?"

"ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேரு வந்திருக்கீகளான்னு கேக்குறான். அவனுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?"

பிமலாவோடு எனக்கு ஹிந்தி. கோவா விடுதியில் பொறுக்கிய ஹிந்தி என்னுடையது, அவளுடையது சினிமாவில் பொறுக்கியது. என்னை 'தீதி' என்று கூப்பிட்டாள், அக்கா என்று அர்த்தம். அவளைப் பிடிக்காமல் இருக்க நான் முயற்சி செய்தேன் என்பதை மறைக்கவில்லை. பல் தேய்க்கும்போதும் பாடுகிற ஒரு பெண்ணை அப்படி வெறுப்பது சிரமம். ஊரில் அவள் ஆடிய அணி பெண்கள் பிரிவையே மூடிவிட்டது. திரும்பிப் போனால் ஆட இடமில்லை. சொல்லிவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டாள். "எனக்கும்தான்" என்றேன். அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை.

இரண்டாவது நாள் அவள் என் பையைத் தாண்டும்போது கால் அதன் மேல் பட்டது. குனிந்து பையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

நான் பையை எடுத்துச் சுவரோரம் வைத்தேன்.

அன்றே பேருந்தில் அவளிடம் சொன்னேன். பெனால்டி, டென்னிஸ் பந்து எல்லாம். "இங்கே ஆட்டத்தில் இதைச் செய்யாதே. சயாவுக்குப் பிடிக்காது" என்றேன்.

அவள் யோசித்தாள். "நீங்க நிறுத்திட்டீங்களா, தீதி?"

"நிறுத்திட்டேன்."

"எப்படி?"

"கையை மூடிக்கணும். பந்து உள்ளே இருக்கிற மாதிரி."

அவள் தன் கையை மூடிப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். "பார்க்கிறேன்" என்றாள்.

7

பயிற்சி ஆட்டத்தன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. எல்லைக் கோட்டுக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சயா என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுப் போனார்.

பிமலா நன்றாக ஆடுகிறாள் என்பது பயிற்சியிலேயே தெரிந்திருந்தது. எவ்வளவு நன்றாக என்பது அன்றுதான் தெரிந்தது. முதல் பாதியில் ஒரு முறை என் இடது தோளுக்குப் பின்னால் மறைந்து வலது தோளுக்கு முன்னால் வந்து கோல் போட்டாள். நான் நின்ற இடத்தில் எந்தத் தப்பும் இல்லை. இருந்தும் போட்டாள். அது அந்த மாதிரிக் கோல்.

அதற்குப் பிறகு நான் மென்மையாக ஆடவில்லை. அவள் அடுத்து வந்தபோது முழு வேகத்தில் சறுக்கினேன். பந்து போனது. என் பூட்ஸின் ஸ்டட் அவள் கணுக்காலுக்கு மேலே, ஷின் பேட் முடிகிற இடத்தில் ஏறி இறங்கியது. சத்தம் எனக்கே கேட்டது. அவள் விழுந்தாள். என் கை கிளம்பியது. மூடினேன். நகம் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு மூடிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தேன். பிமலா தரையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. ஒருவர் வந்து கதவைத் தட்டப் போகிறார் என்று தெரிந்து காத்திருக்கிற மாதிரி. நான் வரவில்லை என்று புரிந்ததும் காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

தகரக் கூரைப் பக்கம் பார்த்தேன். சயா தலையை ஒரு முறை அசைத்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோலுக்கு முன்னால் பந்து சேற்றில் நின்றுவிட்டது. நானும் பிமலாவும் ஒரே நேரத்தில் காலை வைத்தோம். பந்து துள்ளி அவள் பக்கம் விழுந்தது. அவள் பூட்ஸ் என் பாதத்தின் மேல் ஏறியது. நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கோல்கீப்பர் முன்னமே வெளியே ஓடி வந்து வழுக்கிக் கிடந்தாள். பந்துக்கும் வலைக்கும் நடுவில் யாரும் இல்லை. ஒரு தட்டுத்தான்.

பிமலா குனிந்தாள். என் பாதத்தைத் தொட்டாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஒரு மூச்சு நேரம். அதற்குள் எய் எய் எங்கிருந்தோ வந்து பந்தை எல்லைக் கோட்டைத் தாண்டி அடித்துவிட்டாள். கமிட்டி ஆள் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அது அவளுக்கும் மீறி நடந்ததா, தெரிந்தே செய்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

8

மறுநாள் சயா சொன்னார்: "நீ இருக்கிறாய். அடுத்த பருவம் முடிகிறவரை."

நான் நன்றி சொன்னேன். ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"கோல் திறந்து கிடக்கும்போது நிற்கிற ஃபார்வர்டைக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ நன்றாகத்தான் ஆடினாய்" என்று சேர்த்தார். சேர்த்ததுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் எய் எய்யிடம் கேட்டேன், யார் நன்றாக ஆடியது என்று. மரியாதைக்குக்கூட அவள் பொய் சொல்வதில்லை.

"அவ" என்றாள் தமிழில்.

அடுப்படியிலிருந்து தங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "எடம் கெடச்சவ மூஞ்சியா இது? ஊருக்குப் போறவ பாடிக்கிட்டுத் திரியிறா, இருக்கப் போறவ எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி இருக்கா. இந்தா, காப்பியக் குடி. இனியாச்சும் அந்த அலமாரியில துணிய எடுத்து வை."

வீட்டுக்குப் பேசினேன். அப்பா, "தெரியும்" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் "பர்மா" என்று சொன்னது கேட்டது. நான் எதிர்பார்த்தது அதுதான். இத்தனை நாள் அதற்காகத்தான் ஓடினேன். அது வந்து காதில் விழுந்தது. விழுந்த பிறகும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நான் ஜெயித்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளிடம் சொல்லி எச்சரித்தேன், அதிலும் இல்லை. பிறகு எது என்னை நடக்க வைக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பிமலா கிளம்புகிற காலை. விடிந்துகொண்டிருந்தது, மின்சாரம் வந்துவிட்டது போல, கீழே எங்கோ மோட்டார் ஓடியது. எங்கள் மோட்டாரைப் போட எழுந்தேன். இரண்டு மெத்தைகளுக்கும் நடுவில் கால் வைக்க இடம் தேடியபோது அவள் கையின் மேல் மிதித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. குனிந்து தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தீதி, இது இன்னைக்குக்கா? அன்னைக்குக்கா?"

"இன்னைக்குக்கு" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

போர்வைக்குள்ளிருந்து அவள் கால் வெளியே வந்தது. கணுக்காலுக்கு மேலே என் ஸ்டட்டின் தடம் கறுப்பு மாறி மஞ்சளாகியிருந்தது. நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தைத் தொட்டேன். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். இந்த முறை கை தானாகப் போகவில்லை, நான்தான் கொண்டுபோனேன்.

"போதும், போதும்" என்று காலை இழுத்துக்கொண்டாள். "கற்பூரம் காட்டிடாதீங்க."

இருவரும் சிரித்தோம். கீழேயிருந்து தங்கம்மா அக்கா, "டாக்ஸி வந்துருச்சு, எறங்கி வா" என்று கத்தினார். பிமலா எழுந்து தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கப் போனவள் திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க எங்கே வர்றீங்க?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். டாக்ஸி என்று கேட்டதுமே என் கையும் தானாகப் போய் என் பையின் வாரைப் பிடித்திருந்தது.